ஒரு மூச்சு பின்னாடி

எங்க ஊரு ஒரு மூச்சு பின்தங்கிப் போனது எந்த மாசம் எந்தக் கிழமைன்னு கேட்டா ஊர்ல ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. பின்தங்குனது நாங்க எல்லாருமா ஒண்ணாப் பின்தங்குனதால எங்களுக்கு எதுவும் புதுசாத் தெரியல. முன்னால நின்னவருக்குத்தான் தெரிஞ்சுது. அப்படி முன்னால நின்னவரு கீழ அளத்தூர்ல ஒரே ஒரு ஆளு, தவசிமுத்து அண்ணாச்சி. உப்பு லாரிக்குத் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டுறது அவரு வேலை. நான் ஞானதுரை, டிஷ் மாட்டுறவன். இந்தக் கதையில எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சலும் உண்டு, அதையும் சேத்தேதான் சொல்லுதேன், பொறுத்துக்கிடுங்க.

எங்க ஊர்ல எந்த மாடியில ஏறி நின்னு பாத்தாலும் அத்தனை டிஷ்ஷும் ஒரே பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கும், அத்தனையும் நான் திருப்பி வச்சது. உப்புக்காத்து அரிச்சுப் போடுதுன்னு போல்ட்டுக்குக் கிரீஸ் தடவி, காக்கா உக்காந்து ஆட்டிவிட்டுருச்சுன்னு ஏணியத் தூக்கிட்டு ஓடி, பிள்ளை மாதிரிப் பாத்துக்கிட்டேன். அப்புறம் போன் வந்துச்சு, போனுக்குள்ளயே மேட்ச் வந்துச்சு, டிஷ்ஷெல்லாம் ஒண்ணொண்ணா இறங்கிருச்சு. ஒரு வீட்டுல அதைக் கவுத்துத் தண்ணித்தொட்டிய மூடுனாங்க, ஒரு வீட்டுல கோழிக்குத் தீவனம் வச்சாங்க, எங்க சித்தி வீட்டுல அதுல நெத்திலி காயுது. நான் அந்தப் பக்கம் போறப்ப வேற பக்கம் பாத்துக்கிட்டுப் போயிருவேன்.

கோயில்பிள்ளை டீக்கடையில அப்பல்லாம் வேற பேச்சே கிடையாது, டிஷ்ஷா போனா, இதுதான் பேச்சு. "மழை வந்தா உம்ம டிஷ் செத்துப் போகும்லா"ன்னு ஒருத்தன் கேப்பான். "டவர் போச்சுன்னா உம்ம போன்ல வட்டம் சுத்திக்கிட்டே கிடக்கும்லா"ன்னு நான் சொல்லுவேன். "போனை லாரியில வச்சுப் பாக்கலாம், கக்கூஸ்ல வச்சுப் பாக்கலாம், டிஷ்ஷத் தலையில கட்டிக்கிட்டா போக முடியும்"ன்னு கோயில்பிள்ளை டீ ஆத்திக்கிட்டே கேப்பான். தவசிமுத்து அண்ணாச்சி மட்டும் என் பக்கம் நின்னு பேசுவாரு.

"இது வானத்துல இருந்து நேரா வாரது. அங்க அவன் தொட்டா இங்க அப்பமே தெரியும். உங்களுது நாடெல்லாம் சுத்தி ஆறிப்போயில்லா வருது. ஆறுனதத் தின்னுட்டு நீங்க இருந்துக்கிடுங்க, எனக்கு ஆகாது."

அவரு அப்படிச் சொன்னதுக்குக் காரணம் இருந்துச்சு. அவரு மகன் இசக்கிராஜா கபடி ஆடுறவன். எங்க ஊரு உப்புமண்ணுல விழுந்து முட்டி தேஞ்சு ஆடப் படிச்சவன், இப்ப டிவியில காட்டுற பெரிய போட்டியில வடக்க ஏதோ ஒரு ஊருக்காக விளையாடுதான். கபடியில நடுக்கோட்டத் தாண்டி மூச்சுப் பிடிச்சு, பாடிக்கிட்டே போயி, எதிராளியத் தொட்டுட்டு, பிடிபடாமத் திரும்பி வரணும். அதுல எங்க ராசாவ மிஞ்ச ஆளு கிடையாது. அவன் அங்க ஒரு மூச்சு பாடிப் போனா, டிஷ்ஷுல அதே நேரம் தெரியும். போன்ல அந்த மூச்சு முடிஞ்ச பிறகுதான் அவன் கிளம்பவே செய்வான். இடைவெளி அவ்வளவுதான், ஒரே ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுதான் எங்க ஊரைத் தூக்கிட்டுப் போயிருச்சு.

முதல்ல அவரும் அவரு சம்சாரம் பூங்கனி மைனியும் டிஷ்ஷுலதான் ஒண்ணா உக்காந்து பாத்தாங்க. மைனிக்கு ஒரு பழக்கம். மகன் சின்னப் பயலா உப்பளத்துல ஆடுன காலத்துல இருந்தே அவன் பாடிப் போனா இவளும் மூச்சைப் பிடிச்சுக்கிடுவா. கன்னம் ரெண்டும் உப்பிக்கிட்டு, கண்ணு பிதுங்கி, அவன் திரும்பி வந்து கோட்டத் தொட்ட பிறகுதான் விடுவா. "அவன் ஒத்தையில மூச்சுப் பிடிக்கான், நான் கூடப் பிடிச்சா அவனுக்குப் பாரம் குறையும்லா"ம்பா. அண்ணாச்சி அதுக்குக் கேலி பண்ணுவாரு. அப்புறம் மகன் அவளுக்குன்னு ஒரு போன் வாங்கி அனுப்பி, "அம்மா, இனிமே என்ன இதுல பாரு, ஆடி முடிச்சதும் இதுலயே கூப்பிடுதேன்"ன்னுட்டான். அன்னைக்கே அவ போனத் தூக்கிட்டு அடுக்களைக்குப் போயிட்டா. அண்ணாச்சி கூப்பிட்டுப் பாத்தாரு.

"டிவியில அவன் சுவத்துல நிக்கான்," அப்படின்னு சொன்னா மைனி. "இதுல எங் கையில நிக்கான். நான் இதுலயே பாத்துக்கிடுதேன்."

அன்னையில இருந்து அவரு முன்அறையில, அவ அடுக்களையில, நடுவுல ஒரு நிலைப்படி, ஒரு மூச்சு.

மேட்ச் அன்னைக்கு ஊரே போனும் கையுமாத் தெருவுல உக்காந்திருக்கும். ராசா பாயிண்ட் எடுத்தா அண்ணாச்சி தொடையில தட்டி ஒரு சத்தம் போடுவாரு பாருங்க, அது தெரு முனை வரைக்கும் கேக்கும். அப்பம் எங்க போன்ல அவன் இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிப்பான். ஊருக்கு மேட்ச் சப்புன்னு போயிரும். நாலு பேரு போயிப் பேசுனாங்க. "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க, நீங்க கத்தாம இருக்கணும்." அவரு சரின்னுட்டாரு. கத்தல. அப்புறம் பாத்தா, அவரு கத்தாம இருந்தாலும் உச்சுக்கொட்டுறது கேக்குது, ராசா பிடிபட்டுட்டான்னு தெரிஞ்சு போவுது. மறுபடி போனாங்க. அவரு துண்டைச் சுருட்டி வாயில வச்சுக்கிட்டுப் பாக்க ஆரம்பிச்சாரு. பெத்த மகன் ஜெயிக்கதுக்குக் கூட ஊர்கிட்ட அனுமதி கேட்டுத்தான் சந்தோசப்படணுமான்னு என்கிட்ட ஒரு நாள் கேட்டாரு. நானும் போன்லதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

இப்படியே மேட்ச் மேட்ச்சா போயிக்கிட்டு இருக்கும்போதுதான் அந்த ஒரு மூச்சு போனை விட்டு இறங்கி எங்க உடம்புக்குள்ள வந்து உக்காந்துருச்சு. ஒரு நாள் காலையில அண்ணாச்சி டீக்கடைக்குப் போயி, "ஒரு டீ போடு"ன்னிருக்காரு. கோயில்பிள்ளை காதே கேக்காதவன் மாதிரி கிளாஸத் துடைச்சுக்கிட்டே இருந்திருக்கான். ஒரு ஆளு மூச்சை உள்ள இழுத்துக் கபடி பாடி முடிக்கிற நேரம் கழிச்சு, சட்டுன்னு நிமிந்து, "வாங்க அண்ணாச்சி, டீ தானே"ன்னிருக்கான். பக்கத்துல இருந்தவங்களும் அப்பத்தான் இவரப் பாத்து நகந்து இடம் கொடுத்திருக்காங்க. வீட்டுக்கு வந்து, "ஏட்டி பூங்கனி"ன்னிருக்காரு. ஒரு மூச்சு கழிச்சு, "என்னங்க"ன்னு வந்திருக்கு.

எங்களுக்குள்ள பேசிக்கிட்டா ஒண்ணும் தெரியாது, எல்லாரும் ஒரே அளவுக்குப் பின்னாடி இருக்கோம்லா. வெளியூர்க்காரன்தான் திணறுனான். டவுன் பஸ் டிரைவரு எங்க ஊருல நிறுத்துனா ஒருத்தனும் இறங்க மாட்டான், கிளம்பப் போகையிலதான் எல்லாரும் கூட்டமா எந்திரிப்போம். ரெண்டு நாள் திட்டிப் பாத்தாரு, அப்புறம் "கீழ அளத்தூர்னா ஒரு மூச்சு கூட நில்லு"ன்னு மத்த டிரைவருக்கும் சொல்லி வச்சுட்டாரு. பக்கத்து ஊரு பூசாரி சூடத்தட்டக் காட்டிக்கிட்டே நிப்பாரு, நாங்க கண்ணுல ஒத்துற வரைக்கும் நிப்பாரு, கை சுட்டாலும் நிப்பாரு. கோயில் கொடையில சாமி வந்து ஆடுறவரு கேள்வி கேட்டுட்டு, பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கப் பழகிட்டாரு, சாமியே பழகுன பிறகு மனுசன் பழக என்ன. மழை பெஞ்சா நாங்க நனைஞ்சுட்டுத்தான் ஓடுவோம். எங்க ஊரு கபடிக்குழு சுத்துப்பட்டு டோர்னமெண்ட் எல்லாத்துலயும் தோத்துச்சு, வந்தவன் தொட்டுட்டுத் திரும்பிப் போயி நின்ன பிறகு எங்க பயலுவ பாஞ்சு விழுந்து வெறும் மண்ணக் கட்டிப் பிடிச்சானுவ. ஏரல்ல இருந்து எங்க ஊருக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு பிள்ளை, நான் என்ன கேட்டாலும் இந்த வீட்டுல யாரும் பதில் சொல்ல மாட்டேங்காங்கன்னு அம்மாகிட்ட அழுதுக்கிட்டே கிடந்துச்சு. மாமியாரு ஒரு போன் வாங்கிக் கொடுத்தா. அடுத்த கபடி சீசன்ல அந்தப் பிள்ளையும் சரியாப் போச்சு.

அண்ணாச்சியப் பத்தி ஊர்ல என்ன பேசுனாங்கன்னா, அவருக்கு அவசரம் கூடிப்போச்சுன்னு பேசுனாங்க. ஒரு வீட்டுக்குப் போனா, எந்திரிச்சு, "போயிட்டு வாரேன்"ம்பாரு. எங்க பக்கம் அதுக்கு, "இருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க"ன்னு சொல்லணும், அவரு வேண்டாம்னு சொல்லணும், பிறகு "அப்ப வாங்க"ன்னு சொல்லணும், அதுக்குப் பிறகுதான் படி இறங்கணும், அதுதான் மரியாதை. இவரு சொல்லிட்டு நிப்பாரு, யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. மனசு விட்டுப்போயி இறங்கி நடந்துருவாரு. அவரு தெருமுனை திரும்புன பிறகு இங்க, "இருங்க அண்ணாச்சி, ஒரு வாய் சாப்பிட்டு..."ன்னு காலி வாசலப் பாத்துச் சொல்லிக்கிட்டு நிப்பாங்க. சிரிப்புக்கும் அப்படித்தான், ஒத்தையில சிரிச்சு முடிச்ச வாயோட உக்காந்து நாங்க சிரிக்கிறதப் பாத்துக்கிட்டு இருப்பாரு. லாரி செட்டு மாடசாமி செத்தப்ப, பாடையத் தூக்குனதும் அவரு ஒருத்தரு குரல்தான் கேட்டுச்சாம், அழுது ஓஞ்சு அவரு மூக்கத் துடைக்கையிலதான் ஊரு ஓன்னு எந்திரிச்சுது. அப்பம் அவருகிட்ட அழ ஒண்ணும் மிச்சம் இல்ல. தெரு நாயும் கோழியும்தான் அவரு நேரத்துல இருந்துச்சு. அவரு "போ"ன்னா உடனே போகும், "வா"ன்னா உடனே வரும். வரவர அதுங்ககிட்டதான் அவரு அதிகமாப் பேசுனாரு, எனக்குப் பாக்கவே பாவமா இருந்துச்சு.

எல்லாத்தையும் அவரு தாங்கிக்கிட்டாரு, வீட்டுக்குள்ள இருந்த ஒரு மூச்சத்தான் அவரால தாங்க முடியல. என்கிட்டயே சொல்லிருக்காரு. "ஏட்டின்னு கூப்பிட்டா பதில் வரும்னு எனக்குத் தெரியும்டே. இருந்தாலும் அந்த ஒரு மூச்சுல, ஒருவேளை வராமலே போயிருமோன்னு எந்திரிச்சு அடுக்களை வரைக்கும் போயிருதேன். ஒவ்வொரு வாட்டியும் போறேன். மேட்ச் அன்னைக்கு ராசா பிடிபட்டதப் பாத்துட்டு நான் இங்க இடிஞ்சு உக்காந்திருக்கேன், அவ அடுக்களையில மூச்சப் பிடிச்சுக்கிட்டு அவன் வந்துருவான்னு உக்காந்திருக்கா. அவ மூஞ்சியப் பாக்க முடியல. என் மகன நான் மட்டும் ஒத்தையில பாக்கதுக்கு எதுக்கு டிஷ்ஷு? வந்து கழத்திரு. நானும் அவகூட உக்காந்து, அவ பாக்கும்போதே பாத்துட்டுப் போறேன்."

கீழ அளத்தூர்ல நிக்கிற கடைசி டிஷ் அது. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, ஆனா அவரு மூஞ்சியப் பாத்துட்டு மறுத்துச் சொல்ல மனசு வரல. மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏணி, ஸ்பேனர் எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். மேட்ச் ஆரம்பிச்சிருந்துச்சு. "இந்த ஒண்ணு முடியட்டும், பிறகு ஏறு"ன்னாரு. நான் ஸ்பேனர மடியில வச்சுக்கிட்டு, என் போனத் தொறந்துக்கிட்டு, அடுக்களை நிலைப்படி ஓரமா உக்காந்தேன். இந்தப் பக்கம் அண்ணாச்சி துண்டை வாயில வச்சுக்கிட்டு டிவி முன்னால. அந்தப் பக்கம் மைனி அரிசி அரிச்ச கையோட, போனைத் தண்ணிச் செம்புல சாத்தி வச்சுக்கிட்டுத் தரையில.

பிறகு நடந்தத நான் கண்ணால பாத்தது பாதி, அண்ணாச்சி சொல்லிக் கேட்டது பாதி.

டிவியில ராசா பாடிப் போனான். ஒருத்தனத் தொட்டான், இன்னொருத்தனத் தொட்டான், திரும்புனான். பின்னால இருந்து ஒருத்தன் காலைப் பிடிச்சான், முன்னால ரெண்டு பேரு வந்து விழுந்தாங்க. எல்லாரும் எந்திரிச்சாங்க, அவன் எந்திரிக்கல. முட்டி மடங்கக்கூடாத பக்கமா மடங்கிக் கிடந்துச்சு. அவன் உள்ளங்கையால தரையத் தட்டிக்கிட்டே கிடந்தான், சின்னப் பிள்ளையில முட்டி தேஞ்சா தட்டுவானே அதே மாதிரி.

அண்ணாச்சி அடுக்களையப் பாத்தாரு. மைனி கன்னம் ரெண்டையும் உப்பிக்கிட்டு, கண்ணெல்லாம் சிரிப்பா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவளுக்கு ராசா இப்பத்தான் கிளம்புதான். தெருவுல ஊரே "ஏறுடா ராசா"ன்னு கத்திக்கிட்டு இருக்கு. இந்த ஊர்ல அவரு ஒருத்தருக்குத்தான் மகன் விழுந்து கிடக்கது தெரியும். போனப் பிடுங்கிரலாமான்னு நெனச்சாராம். கத்திச் சொல்லலாமான்னு நெனச்சாராம். எதைச் செஞ்சாலும் அவளுக்கு ஒரு மூச்சு கழிச்சுத்தான் போயிச் சேரும், அவன் விழுறதும் அப்பத்தான் போயிச் சேரும், முந்தி அவளைக் காப்பாத்த வழியே கிடையாது. முந்த முடியாது, ஆனா கூட நிக்கலாம்லான்னு அந்த நேரத்துல எப்படித்தான் அவருக்குத் தோணுச்சோ. துண்டைத் துப்பிட்டு ஒரே தாவுல நிலைப்படியத் தாண்டிப் போயி, அவ பின்னால மண்டி போட்டு உக்காந்து, ஒரு கைய முதுகுல வச்சு, இன்னொரு கையால தோளைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டாரு.

அவளுக்கு அது தெரியல. தன்னை ஒருத்தர் பிடிச்சிருக்காருன்னே தெரியாம, சிரிச்ச கண்ணோட, போனப் பாத்துக்கிட்டு இருந்தா. அவரு அப்படியே பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தாரு. "என் வாழ்க்கையிலயே அந்த மூச்சுதான்டே பெருசு"ன்னு பிறகு என்கிட்டச் சொன்னாரு.

பிந்தி நின்ன எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் வந்துச்சு. என் போன்ல ராசா விழுந்ததும், நான் நிமிந்து பாக்கையில அண்ணாச்சி மைனியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்ததும், தெருச்சத்தம் அறுந்து விழுந்ததும் ஒரே நேரம். மைனி "ராசா"ன்னு ஒரு சத்தம் கொடுத்துட்டுப் பின்னால சாஞ்சா. அவ சாஞ்ச இடத்துல அவரு நெஞ்சு இருந்துச்சு. சுவத்துல முட்டிருக்க வேண்டிய தலை அவரு தோள்ல வந்து விழுந்துச்சு.

ராசாவுக்கு முட்டியில ஆபரேசன் நடந்துச்சு. ஊருக்கு வந்து கட்டையூனிக்கிட்டு நடந்தான், பிறகு கட்டைய எறிஞ்சுட்டு நடந்தான், பிறகு ஓடுனான். மைனி மட்டும் வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தா. "இந்த மனுசன் ஊரெல்லாம் முந்திக்கிட்டுத் திரியுதாருன்னு பேரு. அன்னைக்கு மட்டும் எப்படிச் சரியா வந்தாருன்னு தெரியல, அவன் விழுறான், இவரு கை எம் முதுகுல இருக்கு." அண்ணாச்சி கிட்டயே கேட்டா.

"நீங்க எப்பங்க வந்தீங்க?"

"நீ பாக்கும்போதுதான் வந்தேன்"ன்னாரு.

அடுத்த சீசன் தொடங்கும்போது எனக்கு ஞாபகம் வந்து, ஏணிய எடுத்துக்கிட்டு மறுபடி போனேன். படியில கால வைக்கும்போதே, "கழத்த வேண்டாம்டே"ன்னாரு. ஒரு மூச்சு கழிச்சு, "கழத்தச் சொன்னீங்களே அண்ணாச்சி"ன்னேன். அவரு என் பதிலுக்காகப் பொறுமையா நின்னுக்கிட்டு இருந்தாரு, முன்ன மாதிரித் தவிக்கல.

"ஏறி கிரீஸ் தடவிட்டு இறங்கு. காத்துக்கு ஆடாம இறுக்கி வையி. யாராவது ஒருத்தன் முன்னால போயி நிக்கணும்லாடே."

"தனியா இருக்க முடியலன்னீங்களே."

"இப்பவும் முடியலதான்"ன்னாரு.

நான் ஏறி இறுக்கிட்டு வந்தேன். அந்த டிஷ் இப்பவும் நிக்குது, எங்க ஊர்ல அது ஒண்ணுதான் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது. டிவி மட்டும் இடம் மாறிருச்சு. அடுக்களை நிலைப்படிக்கு நேரா அதைத் திருப்பி வச்சு, சத்தத்தக் குறைச்சுட்டு, அண்ணாச்சி மைனிக்குப் பின்னால ஒரு பலகையப் போட்டு உக்காந்துக்கிடுவாரு. அவரு டிவியப் பாப்பாரு, அவ போனப் பாப்பா, அவரு கை அவ முதுகுல இருக்கும்.

ராசா திரும்பி ஆட வந்த முதல் மேட்ச் அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன். அவன் கோட்டத் தாண்டிப் பாடிப் போகையில, முன்னால மைனியக் கேலி பண்ணிக்கிட்டே திரிஞ்ச அண்ணாச்சி, கன்னம் உப்ப மூச்சப் பிடிச்சாராம். மகன் தொட்டுட்டு, வழுக்கிக்கிட்டு, அந்த முட்டியவே ஊனி எந்திரிச்சு, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து மூச்சு விட்டான். இவரு விடல. அவ இப்பத்தான் மூச்சை உள்ள இழுக்கா, அவ முதுகு விம்முறது கைக்குத் தெரியுது. சந்தோசம் முகத்துல ஒரு நூலு கூடத் தெரியாம, நெஞ்சு வலிக்க வலிக்க, அவரு அந்த ஒரு மூச்சையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு.

"வந்துட்டான்ங்க"ன்னு மைனி மூச்சு விட்டுட்டுத் திரும்பிப் பாத்தா.

"ஆமாட்டி, வந்துட்டான்"ன்னு, அப்பத்தான் பாத்தவரு மாதிரி, அவரும் விட்டாரு.